கதைகள் நடந்து வந்த வழி



முதலில் இரண்டு கதைகளைக் கூறிவிட்டு, அதன் பின் வரலாற்றுக்கு வருகிறேன்.

பார்த்திய மன்னனாகிய குந்தபாரன் தனக்கோர் அரண்மனை எழுப்ப விரும்பினான். கட்டடக் கலையில் வல்லவர் என்று அறிமுகமான ஒருவரிடம் பெரும்பொருளை ஒப்படைத்தான். அவர் ஏசுநாதரின் மாணாக்கர் பன்னிருவருள் ஒருவராகிய தோமையார். அவரோ அப்பொருள் முழுவதையும் ஏழை எளியவர்க்கு வழங்கிவிட்டார். அரண்மனை எங்கே என்று மன்னன் வினவ, அது விண்ணுலகில் எழும்பிவிட்டது என்று விடை வந்தது. வெகுண்ட மன்னன் அவரைச் சிறையில் இட்டான். அன்றிரவே மன்னனின் தம்பி காத் என்பான் இறந்தான். மேலுலகில் தன் தமையனுக்கெனக் கட்டப்பட்டிருந்த மாளிகையைக் கண்டு, மீண்டும் உயிர் பெற்று வந்து அதனைச் சொன்னான். தோமையார் விடுதலை பெற்றார்.

மற்றொரு கதை உங்களுக்கு நன்கு தெரிந்ததே. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கி வருமாறு தன் அமைச்சர் வாதவூரரிடம் கருவூலப் பொருளைக் கொடுத்து அனுப்பினான். திருப்பெருந்துறையில் குருவின் திருவடியைக் கண்ட வாதவூரர், அப்பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்டார். மன்னன் அவரைச் சிறையிட்டான். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்ததும், வையை பெருகியதும், பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்டதும் மதுரையில் பிள்ளைகளுக்கும் பாடம்.

அரசன் பொருள், அடியவர் கை, ஆண்டவன் செலவு, சிறை, இறைவனே முன்வந்து விடுவித்தல் என இரு கதைகளின் எலும்புக்கூடும் ஒன்றாகவே இருக்கிறது. தோமையார் கதை சிரியாக் மொழியில், எதெசா நகரத்தை ஒட்டிய பகுதியில், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நூலில் உள்ளது. மாணிக்கவாசகரை ஒன்பதாம் நூற்றாண்டினர் என்பர் பலர். அதற்கும் முற்பட்டவர் என்பாரும் உளர். நரியைக் குதிரையாக்கிய செய்தியோ ஏழாம் நூற்றாண்டினராகிய அப்பரின் தேவாரத்திலேயே குறிக்கப்படுகிறது. ஆயினும் சிரியாக் நூல் இவை எல்லாவற்றுக்கும் முந்தியதே. அங்ஙனமாயின் பிந்தியது முந்தியதிலிருந்து வந்தது என்று கூறிவிடலாமா?

இவ்வினா நமது தாமிரபரணிக் கரையில் வெறும் ஏட்டு வினா அன்று. கோயிற் கோபுரமும் மாதா கோயில் மணிக்கூண்டும் ஒரே வயல்வெளியில் நின்று பார்க்கும் நாடு இது. ஒரு சாரார் மற்றொரு சாராரின் திருக்கதையைக் காட்டி, "இஃது எங்களிடமிருந்து களவாடியது" என்று சொல்லிவிட்டால், அச்சொல் பள்ளி மதிலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். ஆகவே களவு என்று கூறுமுன் கையும் பொருளும் பிடிபட்டனவா என்று பார்ப்பது வரலாற்று மாணவனின் கடமையாகிறது.

தோமையார், வாதவூரர் கதைகளை எடுத்துக்கொள்வோம். இடையே ஒரு பாலம் இருந்ததாகக் காட்டுவோர் கேரள நாட்டுக் கிறித்தவரின் ஒரு மரபுச் செய்தியைச் சான்றாகக் கூறுவர். மாணிக்கவாசகர் கொல்லத்துக்கு வந்து கிறித்தவர் சிலரைச் சைவராக்கினார் என்றும், அவர் வழியினரே மணிக்கிராமத்தார் என்றும் அம்மரபு சொல்லும். ஆனால் மணிக்கிராமம் என்பது ஒரு வணிகக் குழுவின் பெயர். கி.பி. 849-ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணத்தாரோடு சேர்த்து அக்குழு குறிக்கப்படுகிறது; தமிழகக் கல்வெட்டுகளிலும் அது உண்டு. மாணிக்கம், மணிக்கிராமம் என்னும் ஒலியொப்புமையே இங்கு ஒரு கதையைப் பெற்றிருக்கிறது. பாலம் என்று நினைத்தது பனிமூட்டம்.

இனி வேறொரு பக்கம் பாருங்கள். சோழனுக்குச் செலுத்த வேண்டிய திறைப்பொருளை அடியார்க்கு அமுது படைப்பதில் செலவிட்டுச் சிறைப்பட்டவர் திருமங்கையாழ்வார் என்பது வைணவ மரபு. பதினேழாம் நூற்றாண்டில், கோல்கொண்டா சுல்தான் தானாஷாவின் ஆட்சியில், வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் இராமர் கோயில் எழுப்பிய கோபன்னா என்னும் அதிகாரி கோல்கொண்டாக் கோட்டையில் சிறையிருந்தார். அவரையே பத்ராசல இராமதாசர் என்கிறோம். பின்னவர் கதையில் அற்புதத்தை நீக்கிவிட்டாலும் ஓர் அதிகாரி, ஒரு கோயில், ஒரு சிறை எஞ்சி நிற்கின்றன. அரசும் கருவூலமும் பக்தியும் ஒருங்கே உள்ள நாட்டில் இத்தகைய நிகழ்ச்சி நடவாமல் இருந்தால்தான் வியப்பு. நிகழ்ச்சி மீண்டும் மீண்டும் நடக்கும். கதையும் மீண்டும் மீண்டும் பிறக்கும். ஒருவர் மற்றொருவரிடம் கடன் வாங்க வேண்டிய தேவை இல்லை. தவிரவும், இரு கதைகளின் உயிர்நிலை வேறு. அங்கே பொருள் ஏழைக்குப் போய் விண்ணில் மாளிகையாகிறது; இங்கே இறைவனே கூலியாளாய் வந்து அடி வாங்குகிறான். அந்தப் பிரம்படி சிரியாக் நூலில் இல்லை.

அற்புதம் கலந்த கதை என்பதனால் அதில் வரும் மனிதரும் கற்பனையே என்று தள்ளிவிடவும் கூடாது. குந்தபாரன் என்ற பெயரை நெடுங்காலம் அறிஞர் பலர் புனைபெயர் என்றே எண்ணினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்கானிய, பஞ்சாபுப் பகுதிகளில் கொந்தபோரஸ் என்ற பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. தக்த்-இ-பாகிக் கல்வெட்டும் கிடைத்தது. முதல் நூற்றாண்டில் அங்ஙனம் ஓர் அரசன் ஆண்டது உறுதியாயிற்று. எங்கள் ஏரலில் நகரத் தலைவராக இருந்து, 1908-இல் இளமையிலேயே மறைந்த அருணாசல நாடாரைச் சேர்மன் அருணாசல சுவாமி என்று மக்கள் வழிபடுகின்றனர். ஆடி அமாவாசையன்று ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம் கூடும். அவரைச் சூழ்ந்து அருட்கதைகள் பல வளர்ந்திருக்கின்றன. அதனால் அவர் வாழவில்லை என்று கூற யாரும் துணியார்.

கதையொப்புமையை முதன்முதல் கண்டவர் இக்கால ஆராய்ச்சியாளர் என்று எண்ணிவிடாதீர்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில், கிறித்தவ அறிஞர் ஜஸ்டின் உரோமப் பேரரசன் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு விண்ணப்ப நூல் எழுதினார். ஏசுவின் பிறப்பையும், நோய் நீக்கியதையும், விண்ணேறியதையும் கேட்டு நகைக்கும் நீங்கள், பெர்சியஸ் கன்னியிடம் பிறந்ததையும், அஸ்கிளேப்பியஸ் இறந்தோரை எழுப்பியதையும் நம்புகிறீர்களே என்பது அவர் வாதம். ஒப்புமையை மறைக்காமல் அவரே எடுத்து வைக்கிறார். அந்த ஒப்புமை எப்படி வந்தது என்பதற்கு அவர் கூறும் விளக்கம் நமக்கு விந்தையாக இருக்கும். தீய ஆவிகள் வருவதை முன்னறிந்து போலிக் கதைகளை முன்கூட்டியே பரப்பிவிட்டன என்கிறார். காலத்தால் முந்தியது எது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதனாற்றான் அவருக்கு அவ்விளக்கம் தேவைப்பட்டது.

உரோம் நகரத்து நிலத்தடிக் கல்லறைகளில் கிறித்தவர் தீட்டிய ஓவியங்களில், தோளில் ஆடு சுமந்த இளமேய்ப்பன் உருவம் பலவிடத்தும் காணப்படுகிறது. கிரேக்கச் சிற்பிகள் ஹெர்மிஸ் தேவனுக்கு அமைத்த கோலம் அது. யாழ் மீட்டும் ஆர்பியஸ் உருவமும் அங்கே உண்டு. இங்குக் கடன் வெளிப்படை. ஆயினும் கடனாக வந்தது கோலமே. நல்லாயன் என்ற கருத்து யூதரின் பழைய திருப்பாடல்களிலேயே உண்டு. நம் மாவட்டத்து எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை நினைத்துப் பாருங்கள். பனியனின் ஆங்கிலக் கதையைக் கம்பனின் நடையில் இரட்சணிய யாத்திரிகமாக்கி 1894-இல் வெளியிட்டார் அவர். செய்யுளின் கோலம் கம்பனுடையது என்பதற்காகப் பனியன் கம்பனிடம் கதை திருடினான் என்று யார் சொல்வார்?

இதுவரை கடன் இல்லாத இடங்களையும், கோலம் மட்டும் கடனான இடங்களையும் பார்த்தோம். கதை முழுவதுமே கடனாகி, அந்தக் கடன் ஐயமற மெய்ப்பிக்கப்பட்ட ஓரிடம் உண்டு. அதுதான் யோசபாத்து கதை.

இந்தியாவில் அபெனேர் என்றொரு மன்னன், கிறித்தவரைத் துன்புறுத்துபவன், ஆண்டு வந்தான். அவனுக்குப் பிறந்த மகன் அரசு துறந்து கிறித்தவத் துறவியாவான் என்று கணியன் ஒருவன் கூறினான். மன்னன் அஞ்சி, மூப்பும் பிணியும் சாவும் கண்ணிற் படாதவாறு மகனைத் தனி மாளிகையில் வளர்த்தான். இளவரசன் வெளியே சென்ற நாளில் பிணியாளரையும், பின்னர்த் தள்ளாத முதியவர் ஒருவரையும் கண்டு கலங்கினான். பர்லாம் என்னும் துறவி, மணி விற்கும் வணிகன் வேடத்தில் வந்து அவனுக்கு அறம் உரைத்தார். யோசபாத்து இறுதியில் அரியணையைத் துறந்து காடு சென்றான். இவ்விருவரையும் ஐரோப்பிய மக்கள் பல நூற்றாண்டுகள் புனிதராகப் போற்றினர். உரோமைத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் நவம்பர் 27-ஆம் நாள் அவர்களுக்கு உரியதாயிருந்தது.

கேட்டவுடனே கபிலவாஸ்து உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஆனால் ஒப்புமை மட்டும் போதாது என்று சற்றுமுன் நானே கூறினேன். ஆகவே கதை நடந்த வழியையும், அது வழியில் விட்ட அடிச்சுவட்டையும் காட்டுகிறேன்.

நடு ஆசியாவின் துர்பானில் மண்ணிலிருந்து எடுத்த மானிகேய சமய ஏட்டுத் துண்டுகளில் இக்கதையின் பகுதிகள் கிடைத்துள்ளன. அங்கிருந்து அது பாரசீக வழியாக அரபு மொழிக்குச் சென்றது. அரபியிலிருந்து ஜார்ஜிய மொழிக்குச் சென்றபோதுதான் இளவரசன் கிறித்தவனானான். ஆதோஸ் மலைத் துறவியாகிய ஜார்ஜியர் யூத்திமியஸ், 1028-இல் மறைந்தவர், அதனைக் கிரேக்கத்தில் ஆக்கினார். 1048-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் இலத்தீன் மொழிபெயர்ப்பு எழுந்தது. அதன்பின் கதை நுழையாத ஐரோப்பிய மொழி அரிது.

அடிச்சுவடு இளவரசனின் பெயரிலேயே உள்ளது. போதிசத்துவர் என்ற சொல் அரபியில் பூதாசப் என்றாயிற்று. அரபு எழுத்தில், சொல்லின் முதலில் வரும் பகரத்துக்குக் கீழே ஒரு புள்ளி. யகரத்துக்குக் கீழே இரண்டு புள்ளி. எழுதுவோன் ஒருவன் கை தவறி ஒரு புள்ளியை மிகுதியாக வைக்க, பூதாசப் யூதாசப் ஆனான். ஜார்ஜியத்தில் இயோதாசப், கிரேக்கத்தில் இயோவாசப், இலத்தீனில் யோசபாத்து. ஓலையில் புள்ளியிட்டால் கிழியும் என்றஞ்சி மெய்யெழுத்துக்கும் புள்ளியிடாது எழுதிய நம் முன்னோர் ஏடுகளைப் படித்தவர்க்கு, ஒரு புள்ளி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பெயர் மட்டுமன்று. பர்லாம் இளவரசனுக்குச் சொல்லும் ஓர் உவமையைக் கேளுங்கள். ஒருவன் கொடிய விலங்குக்கு அஞ்சி ஓடிப் பள்ளத்தில் விழுகிறான். நடுவே ஒரு கிளையைப் பற்றித் தொங்குகிறான். கீழே பாம்பு, கிளையின் வேரைக் கறுப்பும் வெள்ளையுமான இரண்டு எலிகள் கொறிக்கின்றன. அந்நிலையிலும் மேலிருந்து சொட்டும் தேனை நக்கி மகிழ்கிறான். இது மகாபாரதத்து ஸ்திரீ பருவத்தில் விதுரன் சொல்லும் உவமை. சமணரும் இதனைப் போற்றினர். தோலாமொழித்தேவரின் சூளாமணியில் யானையும் பாம்பும் தேன்துளியுமாக ஒரே செய்யுளில் இது அடங்கியிருக்கிறது. கிரேக்க நூலுக்குப் போனபோது யானை ஒற்றைக்கொம்பு விலங்காக மாறிவிட்டது, எலிகள் மாறவில்லை. ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனைப் பாடமாகப் படிக்கும் கல்லூரி மாணவர்க்கு இன்னொன்று சொல்வேன். வெளித்தோற்றம் கண்டு பெட்டியைத் தேர்ந்து ஏமாறும் அக்கதைக்கு மூத்த உடன்பிறப்பு ஒன்று இதே யோசபாத்து நூலில் உண்டு.

1859-இல் பிரெஞ்சு அறிஞர் லாபூலாயேயும், 1860-இல் ஜெர்மானியர் லீப்ரெக்டும் இவ்வுண்மையை வெளியிட்டனர். புத்தரே பெயர் மாறிக் கிறித்தவப் புனிதராக நின்றிருந்தார் என்பது ஐரோப்பாவுக்குத் தெரிந்தது. அதனால் புத்தர் பெருமையும் குறையவில்லை. அக்கதையைக் கேட்டு அறவழி நின்ற துறவியரின் வாழ்வும் பொய்யாகவில்லை.

ஆனால் இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒப்புமையைக் கண்டும் அதைத் தலைகீழாகப் படித்த ஒருவரைப் பற்றியது. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் தியோகு தொ கூத்தோ, 1612-இல் வெளிவந்த தம் நூற்பகுதியில், புத்தர் கதையும் யோசபாத்து கதையும் ஒன்றுபோல் இருப்பதை எழுதினார். அதிலிருந்து அவர் கொண்ட முடிவு, இந்நாட்டார் யோசபாத்தையே புத்தர் என்ற பெயரில் வணங்குகின்றனர் போலும் என்பது. பம்பாய்க்கு அருகிலுள்ள கான்ஹேரிக் குகைகளையும் யோசபாத்தின் தந்தையோடு தொடர்புபடுத்தினார். கண் சரியாகவே பார்த்தது. ஆசை திசையைத் திருப்பிவிட்டது.

இத்தகைய திசைத் திருப்பம் எங்கள் ஊருக்கு மிக அருகிலும் நேர்ந்தது. ஏரலை அடுத்த சாயர்புரத்தில் 1840-களில் கல்விக்கூடம் நடத்தியவர் ஜி. யு. போப். தமிழுக்கு அவர் செய்த தொண்டை எவ்வளவு போற்றினாலும் தகும். திருக்குறளை 1886-இலும், திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் தந்தார். ஆனால் குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறித்தவ ஆசிரியரோடு உலவி, மலைப்பொழிவின் கருத்துகளைக் கேட்டுத் தம் நூலில் அமைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். குறளின் காலத்தையும் மிகப் பிற்பட்டதாக வைத்தார்.

நேர்மையாகப் பேசின், வழி இருந்ததை நாம் மறுக்க முடியாது. ஏரலுக்கு அண்மையிலுள்ள கொற்கை, முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலில் முத்துக் குளிக்கும் துறையாகக் குறிக்கப்பட்டுள்ளது. யவனர் வந்தனர், பொன் வந்தது, ஒரு கருத்தும் வந்திருக்கக்கூடும். ஆனால் வந்திருக்கக்கூடும் என்பது வந்தது என்பதாகாது. மணிமேகலை குறளை எடுத்தாள்கிறது. ஆகவே போப் குறித்த காலம் நிற்காது. இன்னா செய்தார்க்கும் நன்மை செய்யும் அறம், குறளுக்கு முன்பே இந்திய நூல்களில் பலவிடத்தும் பேசப்பட்டது. கொல்லாமையும் புலால் மறுத்தலும் குறளறத்தில் பெற்றுள்ள இடம் மலைப்பொழிவில் இல்லை. யோசபாத்துக்கு இருந்த பெயர்ச்சுவடு போன்ற ஒன்றும் இங்குக் கிடைக்கவில்லை. போப்பின் மீது சினங்கொள்ள வேண்டுவதில்லை. தாம் நேசித்த இரு நூல்களுக்கு உறவுமுறை கற்பிக்க விரும்பினார். சான்று அதற்கு இசையவில்லை.

அதே காலத்தில் ஜெர்மானியரான லோரின்சர் 1869-இல் கீதை விவிலியத்திலிருந்து கடன்பட்டது என்றார். பம்பாயின் தெலாங் அதனை மறுத்து எழுதினார். கண்ணன் பிறந்தநாள் விழா கிறித்தவரிடமிருந்து வந்தது என்றார் வெபர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிரேக்கத் தூதன் ஹெலியோடோரஸ் விதிசைக்கருகே வாசுதேவனுக்கு நிறுத்திய கருடத் தூண், கண்ணன் வழிபாட்டின் தொன்மைக்குக் கல்லாலான சான்று. எதிர்ப்பக்கத்தில் சிலர், கிருஷ்ணன் என்ற பெயரே கிறிஸ்து ஆயிற்று என்றனர். கிறிஸ்து என்பது 'எண்ணெய் பூசி முடிசூட்டப்பட்டவர்' என்று பொருள்படும் எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பு. கிருஷ்ணன் என்றால் கரியவன். இரண்டுக்கும் உள்ள உறவு, மாணிக்கத்துக்கும் மணிக்கிராமத்துக்கும் உள்ள உறவே.

இறுதியாக, இன்னும் தீராத ஒரு வழக்கை உங்கள்முன் வைக்கிறேன். நள்ளிரவில் வசுதேவர் பச்சிளங் கண்ணனைச் சுமந்து யமுனையைக் கடந்தது விஷ்ணு புராணத்தில் உள்ளது. ஐரோப்பாவில் கிறிஸ்தோபர் என்ற பேருருவம் கொண்ட ஒருவர், பயணிகளைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடப்பிப்பவர், ஒரு குழந்தையைச் சுமக்கிறார், நடு ஆற்றில் குழந்தை உலகப் பாரமாகக் கனக்கிறது, அது ஏசு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பொன் மரபு நூல் இதனை விரிவாகச் சொல்கிறது. ஆனால் கிறிஸ்தோபரைப் பற்றிய பழைய கிரேக்க வரலாறுகளில் நாய்முகமும் மறைசாட்சி மரணமும் உண்டு. ஆறும் குழந்தையும் இல்லை. அவை பிற்காலத்தில் மேற்கே சேர்ந்தவை.

காலம் இந்தியக் கதைக்கு முந்துகிறது. யோசபாத்து நடந்த வழி திறந்தே இருந்தது. எனினும் சுவடு ஒன்றும் அகப்படவில்லை. கிறிஸ்தோபரஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கிறிஸ்துவைச் சுமப்பவன் என்பதே பொருள். பெயரைக் கேட்ட மக்கள், எங்கே, எப்படிச் சுமந்தான் என்று கேட்டிருப்பர். பெயரே கதையை ஈன்றிருக்கும் என்பது அறிஞர் ஒரு சாரார் துணிபு. 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் தாமிரபரணி ஏரல் பாலத்துச் சாலையை அறுத்துக்கொண்டு போனபோது, அக்கரைக்குச் செல்ல முடியாமல் தவித்த இவ்வட்டாரத்தார்க்கு வேறொன்றும் தோன்றும். குழந்தையைத் தோளிலேற்றி வெள்ளத்தில் இறங்கும் ஒருவனை, ஆறு ஓடும் எந்த நாடும் தானாகவே கண்டிருக்கும். இவற்றுள் எது மெய் என்று சொல்லக்கூடிய ஏடு எந்த மடத்து அலமாரியில் இருக்கிறதோ, அரபியும் கிரேக்கமும் வடமொழியும் கற்கத் துணியும் உங்களுள் ஒருவர்தாம் தேடிப் பார்க்க வேண்டும்.